அவர் கையில் என் நம்பர்

ஜூன் 5, திங்கள்

நரம்பு டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இவர் எப்போது கோபப்படுகிறார், எப்போது தூங்குகிறார், எதை மறக்கிறார் என்று தினமும் குறித்து வைத்து, அடுத்த முறை கொண்டுவர வேண்டுமாம். நான் இதுவரை டைரி எழுதியதில்லை. போன வருஷத்து டைரி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது.

இன்று காலை நன்றாக இருந்தார். இட்லி மூன்று சாப்பிட்டார். பத்து மணிக்கு பேண்ட் போட்டுக்கொண்டு, “கமலா, சங்கிலிக்காரன் வந்துட்டானா?” என்று கேட்டார். சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷம் ஆகிறது. நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் ஆளும் இறந்துபோய்விட்டார். “இன்னிக்கு லீவுங்க” என்றேன். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார்.

ஜூன் 9

போன மாதம் ஓமலூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டாரே, அதிலிருந்து அவர் சட்டைப் பையில் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய அட்டை வைக்கிறேன். இன்று துவைக்கப் போட்ட சட்டைகளில் பார்த்தேன், ஒன்றில்கூட அட்டை இல்லை. எடுத்து எடுத்து எறிந்துவிடுகிறார். ஸ்டீல் வளையம் ஒன்றில் நம்பர் பொறித்து மாட்டினேன். பல்லால் கடித்து வளைத்துக் கழற்றிவிட்டார். உதட்டில் ரத்தம்.

ஜூன் 14

மார்க்கர் பேனாவால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. “என்னடி அழுக்கு இது” என்று என்னையே திட்டினார்.

ஜூன் 22

புனேயிலிருந்து மகன் தினகர் ஒரு கடிகாரம் அனுப்பியிருக்கிறான். எங்கே இருக்கிறார் என்று போனிலேயே தெரியுமாம். “இனிமே கவலையே இல்லம்மா” என்றான். அவனுக்குக் கவலை விட்டது, நல்லது.

ஜூன் 24

கடிகாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. என் போனில் இவர் வீட்டிலேயே இருப்பதாகக் காட்டுகிறது.

ஜூலை 3

கேட்டுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களிடமெல்லாம், “ஏனுங்க, இந்தம்மா என்னைய அடைச்சு வச்சிருக்குதுங்க. போலீசுக்குச் சொல்லுங்க” என்கிறார். புதிதாகத் தண்ணீர் கேன் போட வந்த பையன் உண்மையென்று நம்பி என்னை முறைத்தான். எதிர்வீட்டு முத்துலட்சுமி டீச்சர்தான் அவனுக்கு விளக்கிச் சொன்னார்.

மதியம் மாத்திரை கொடுக்கப் போனபோது தள்ளிவிட்டார். இடது முழங்கை வீங்கியிருக்கிறது. டாக்டர் இதைப் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

ஜூலை 8

தூக்கம் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கவில்லை.

ஜூலை 10

இன்று நினைத்ததை எழுதப் போவதில்லை.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் இவர் இல்லை. கேட் திறந்திருந்தது. பூட்டினேன். பூட்டியதாகத்தான் ஞாபகம்.

புது பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பழைய தாலுகா ஆபீஸ் எல்லா இடமும் ஆட்டோவில் சுற்றினேன். போட்டோவைக் காட்டிக் காட்டிக் கை வலிக்கிறது. சாயங்காலம் ஈரோட்டிலிருந்து மகள் கோகிலா வந்துவிட்டாள். பேங்கில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தாளாம்.

“சாவி எங்கம்மா இருந்துச்சு?” என்றாள்.

“ஆணியிலதான்.”

“அப்பாவுக்கு எட்டற மாதிரியா?”

அவளுக்கு எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும்.

ஜூலை 12

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அங்க அடையாளம் கேட்டார்கள். இடது முன்னங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, பெட்ரோமாக்ஸ் விளக்கு சுட்டது என்று சொன்னேன். “வேற மச்சம், பச்சை எதாச்சும்?” என்றார் ஏட்டு. “எங்க வீட்ல யாரும் அதெல்லாம் குத்திக்கறதில்லீங்க” என்றேன். கோகிலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள்.

ஜூலை 13

காலையில் போன். தண்டவாளத்தின் ஓரம் ஒரு முதியவர், வந்து பாருங்கள் என்றார்கள். கோகிலா என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் சுவரில் இருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அது அப்பா இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தாள்.

அது இவர் இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்தது. எந்த அழுகை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 14

ஸ்டேஷனிலிருந்து சொன்னார்கள், தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் விழுந்து தலையில் அடிபட்டு யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பெயர் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப் பார்த்ததும், “பசிக்குது” என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 15

இன்னும் தர்மபுரியில்தான் இருக்கிறோம். நாளை மறுநாள் அனுப்புவார்களாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர். அவருக்கும் நினைவு சரியில்லை, அவரைத் தேடியும் யாரும் வரவில்லை. ஆனால் முன்னங்கையில் ‘மாரப்பன்’ என்று பச்சை குத்தியிருக்கிறது. அதனால் நர்சுகள் எல்லாரும், “மாரப்பா, கஞ்சி குடிங்க”, “மாரப்பா, திரும்பிப் படுங்க” என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். இவரை நான் வரும்வரை ‘பஸ் ஸ்டாண்டு தாத்தா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கதவோரக் கட்டிலில் பெயர் தெரியாத இன்னொருவர் இருந்தார். மதியம் அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. எங்கே என்று கேட்டேன். நர்ஸ் உதட்டைப் பிதுக்கி, “யாருக்கும்மா சொல்லி அனுப்பறது?” என்றாள்.

மாரப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18

சேலம் வந்துவிட்டோம். தலையில் கட்டு. கட்டைப் பிய்க்கிறார்.

டீச்சர் பார்க்க வந்தார். “அன்னிக்குக் காலைல நான் கோலம் போட வரும்போதே உங்க கேட் ஒருக்களிச்சுக் கிடந்துதுங்க. பூட்டு கம்பில தொங்கிட்டிருந்துச்சு, சாவியோட. நீங்கதான் வெளிய வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார். டீச்சருக்கு இப்போது கண் அவ்வளவு சரியில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இந்த டைரியை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. அவருக்கு வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஜூலை 19

கோகிலாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “நீ கையில குத்திக்கிட்டியே, அது யாரு கிட்ட?”

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. “எதுக்கு?”

“அப்பாவுக்குக் குத்தணும். என் போன் நம்பர்.”

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, “பன்னெண்டு வருஷத்துல இதப் பத்தி நீ என்கிட்ட கேக்கற மொதக் கேள்வி இது” என்றாள்.

சென்னையில் வேலை பார்த்தபோது குத்திக்கொண்டு வந்தாள். வலது முன்னங்கையில் ஒரு தட்டான்பூச்சி. இவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கைய மூடிட்டு வரச் சொல்லு” என்று என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கை இருக்கும் பக்கமே பார்த்ததில்லை. நாமக்கல்லிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காபி கொடுக்கும்போது பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கும் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் தனியாகக் கருத்து ஒன்றும் கிடையாது. வீட்டில் சண்டை வேண்டாமே என்று முழுக்கைச் சட்டைகளாக எடுத்துக் கொடுத்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்படியே பழக்கமாகிவிட்டது.

“எவ்வளவு வலிக்கும்?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்கா? எனக்கு வலிச்சதையா கேக்கற?” என்றாள்.

அப்பாவுக்கு என்றேன்.

ஜூலை 21

தினகர் போனில் கத்தினான். “மாட்டுக்குச் சூடு போடற மாதிரி அப்பாவுக்கு நம்பர் போடுவீங்களா? மனுசன்மா அவரு! ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல எவ்ளோ மரியாதையா இருந்தவரு!”

“சரி, நீ வந்து ஒரு மாசம் பாத்துக்க.”

“லீவு எப்படிம்மா கெடைக்கும்? ஹோம்ல சேத்துரலாம், நான் விசாரிக்கறேன்.”

“நான் விசாரிச்ச ஹோம்ல, நடந்துபோற ஆளுன்னா கட்டிலோட கட்டிப்போட்டுருவோம்னு சொன்னாங்க, தெரியுமா உனக்கு?”

அவன் பேச்சை மாற்றினான். பேத்திகூட இப்போது கழுத்துக்குப் பின்னால் குத்திக்கொள்ள அடம் பிடிக்கிறாளாம். “தாத்தாவுக்கே போட்டாச்சுன்னா நான் அவள எப்படிம்மா வேணாம்னு சொல்றது?” என்றான். அவனுடைய கஷ்டம் அவனுக்கு.

ஜூலை 23, ஞாயிறு

திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டு நங்கையாளிடம் சொன்னேன். இவருடைய அக்கா நல்லம்மாள், எனக்கு நங்கையா முறை. பெரியவர்களில் அவர் ஒருவர்தான் பாக்கி. ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“எந்தக் கையில போடறீங்க?” என்று கேட்டார்.

“எந்தக் கையா இருந்தா என்னங்க?”

“இடது கை வேண்டாம் கண்ணு. அந்தத் தோலு தாங்காது. ஒருக்கா எரிஞ்சது.”

“தெரியுமுங்க, பெட்ரோமாக்ஸ் சுட்டது.”

நங்கையா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அப்படியா சொல்லி வச்சிருக்கறான் உன்கிட்ட?”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவருக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது வைகாசித் தேர்க் கூட்டத்தில் தொலைந்துபோனாராம். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தாராம். மாமியார் அந்த வாரமே குறத்தியை வரவழைத்து, இடது கையில் பெயரையும் ஊரையும் பச்சை குத்த வைத்தாராம். “அர்த்தநாரி, கூத்தம்பாளையம். அம்புட்டுத்தான் எழுத்து. அம்மாவே கையப் புடிச்சுக்கிட்டாங்க. இவன் கத்தல, அம்மாதான் அழுதாங்க. அப்பெல்லாம் பச்சை இல்லாத ஒடம்பு ஏது கண்ணு? இல்லாட்டித்தான் ஏன் இல்லைன்னு கேப்பாங்க.”

பிறகு சர்வே பயிற்சிக்குப் போன இடத்தில் கூடப் படித்தவர்கள், ‘ஊர் பேர் மறந்துரும்னு எழுதி அனுப்பியிருக்காங்க’ என்று சிரித்தார்களாம். விடுமுறைக்கு வந்தவர் சுண்ணாம்பும் சோப்புக் காரமும் குழைத்துக் கையில் வைத்துக் கட்டிக்கொண்டார். புண்ணாகிச் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தாராம்.

“புண்ணு ஆறுச்சு. ஆனா அம்மா சாகற வரைக்கும் அவனோட அந்தக் கையப் பாக்கல கண்ணு. சோறு போடும்போதுகூட அந்தப் பக்கம் பாக்க மாட்டாங்க.”

நாற்பத்தைந்து வருஷமாக அந்தத் தழும்பின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். பெட்ரோமாக்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோகிலாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்த் துணி மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

ஜூலை 27

போய் வந்தோம். ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் கடை. நான் ஏதோ இருட்டாக, ஒரு மாதிரியாக இருக்கும் என்று நினைத்தேன். பல் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. என் வயதுக்காரி ஒருத்தி புருஷன் பெயரை மணிக்கட்டில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் பக்கத்திலேயே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜோயல் என்ற பிள்ளைதான் குத்துகிறவன். குத்தலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தான். அப்படியும் தயங்கினான். “இது அவரு உடம்பும்மா. நீங்க சொன்னா மட்டும் என்னால குத்த முடியாது. அவரக் கேக்கணும்.”

“கேட்டாலும் அவருக்கு ஞாபகம் இருக்காது தம்பி.”

“பரவால்ல. மறந்தா திரும்பவும் கேக்கறேன்.”

இவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். “ஐயா, நீங்க வெளிய போகும்போது வழி மறந்துருதாம். உங்க பேரும் வீட்டு போன் நம்பரும் கையில எழுதலாமுங்களா? அழியாது. ஊசில குத்தறது. வலிக்கும்.”

இவர் என்னைப் பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தெளிவாக இருந்தார். அந்தப் பார்வையில் முழுசாக இருந்தார், பழைய ஆளாக.

“ரொம்ப அலைய உடறனா கமலா?” என்றார்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

“எழுதுங்க தம்பி” என்றார்.

பிறகு அந்தப் பழைய ஆள் போய்விட்டார். ஊசி எடுப்பதற்குள், “இது என்ன கடைங்க?” என்று ஆரம்பித்தார். ஜோயல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டான். மறுபடி சரியென்றார்.

வலது கை, உள்பக்கம். எழுத்து எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று ஜோயல் கேட்டான். எதிரில் நிற்பவர்கள் படிக்கிற மாதிரி என்றேன். இவர் கையை இழுத்துக்கொண்டார். “எனக்குத் தெரியற மாதிரி எழுதுங்க. என்ற கைதான?” என்றார். அப்படியே ஆகட்டும் என்று ஜோயல் தாளைத் திருப்பி வைத்தான்.

“என் நம்பரும் போட்ரலாம்மா, ரெண்டு இருந்தா நல்லது” என்றாள் கோகிலா. வேண்டாம், என் நம்பர் மட்டும் போதும் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குத்தும்போது இவர் முரண்டு பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தட்டானைக் காட்டினாள். “பாருங்கப்பா, எனக்கும் இருக்கு.” இவர் குனிந்து உற்றுப் பார்த்தார். விரலால் இறக்கையைத் தடவினார்.

“யாரு குத்துனது? நல்லாருக்குதே. நெசத் தட்டானாட்டமே இருக்குது” என்றார்.

கோகிலா எழுந்து வெளியே போய்விட்டாள். படிக்கட்டில் வெகுநேரம் நின்றாள். ஏதாவது போன் வந்திருக்கும்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. பாதியில் ஒருமுறை, “அம்மா, தேரு நெலைக்கு வந்துருச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 2

தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பொருக்கு பிடித்திருக்கிறது. சொறியக் கூடாது. சொறியாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது. காலுறையை வெட்டிக் கையில் மாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

காலுறையைக் கழற்றிவிட்டுச் சொறிந்திருக்கிறார். படுக்கையில் ரத்தம். என்ன வேலை செய்து வைத்தேன்.

ஆகஸ்ட் 17

ஆறிவிட்டது. பெயர் அழகாக விழுந்திருக்கிறது. நம்பரில் ஓர் இடத்தில் மட்டும் சொறிந்த தழும்பு மூன்றை மூடிக்கொண்டு எட்டு மாதிரி காட்டுகிறது. எனக்கு மூன்றாகத் தெரிகிறது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டு என்றார். டீச்சருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

ஜோயலிடம் கேட்டதற்கு, புதுத் தோல் இன்னும் கெட்டிப்பட வேண்டும், அடுத்த மாதம் கூட்டி வாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்றான். அடுத்த மாதம்!

ஆகஸ்ட் 18

காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டு போட்டு அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம்.

“உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. எங்க ஊட்டுக்காரரு கையில உங்க நம்பர் இருக்குதுங்க...”

“யாருமா நீ? ஓடிபி கேப்பியா?” என்று வைத்துவிட்டாள்.

மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ எடுத்து, “போலீஸ்ல குடுத்துருவேன்” என்றாள். “குடுங்க தாயி, ஆனா ஒரு நிமிசம் கேட்டுட்டுக் குடுங்க” என்று அழுதுவிட்டேன். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், பெற்ற பிள்ளைகளிடம்கூட அழாத அழுகை.

மிஷின் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் கேட்டாள். பெயர் பர்வீன். ஆம்பூரில் செருப்புக்கு மேல்தோல் தைக்கிற வேலை. “எங்க வாப்பா இப்டித்தான்க்கா. ரெண்டு வருசம். கட்டி வச்சோம் அவர. அவர் பேரு என்ன சொன்னீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

மதியம் சிலிண்டர்காரர் வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு அடுப்படியில் பழைய சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த நேரம்தான். திரும்பி வந்தால் நாற்காலி காலி. தெருமுனைவரை ஓடினேன். செருப்பில்லாமல் மெயின் ரோடு வரை ஓடினேன். ஒரு பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறியிருப்பாரா, எதிர்ப்பக்கம் போயிருப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டேன். லாரிக்காரன் திட்டினான். முருகா, இந்த முறை நான் வேண்டுமென்று திறந்து வைக்கவில்லை, நான் திறந்து வைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோகிலாவுக்குச் சொன்னேன். ஸ்டேஷனுக்குச் சொன்னேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கக்கூடப் பயம், அதற்குள் மணி அடித்துவிடுமோ என்று. வெயில் இறங்கியது. அடிக்கவில்லை. தண்டவாளத்தை நினைத்தேன். தர்மபுரியின் அந்தக் காலிக் கட்டிலை நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அடித்தது. ஆம்பூர்.

“யக்கா! அவர் எனக்குப் போன் பண்ணாருக்கா! அவரே பண்ணாரு! ‘அர்த்தநாரி சர்வேயர் பேசறேன், என் கையில உங்க நம்பர் எழுதியிருக்குது, நீங்க யாருங்க’ன்னு கேட்டாரு. அங்கயே உக்காருங்க வாப்பா, ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் கிட்டயும் பேசிட்டேன். மல்லசமுத்திரம். ஒரக்கடை. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க.”

எழுத முடியவில்லை. எதிர்வீட்டிலிருந்து வந்து நின்ற டீச்சர் போனை வாங்கி எழுதினார்.

வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் மண். அடி எதுவும் இல்லை. கடைக்காரர், “பெரியவர் நல்லாப் பேசறாருங்க. எங்க பூமிக்குப் பட்டா அளக்க வரேன்னு சொல்லியிருக்காரு” என்றார்.

“போலாமுங்களா?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாருங்க?”

“நான் கமலவேணிங்க.”

“எனக்குத் தெரியலீங்களே. கண்டவங்க கூட எல்லாம் நான் வர மாட்டேனுங்க. போன்ல பேசுன அந்தம்மா அனுப்புன ஆளா நீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப நம்பர் சொல்லுங்க பாக்கலாம்.”

டம்ளரை வைத்துவிட்டு வலது கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். கடை விளக்கு வெளிச்சத்தில் ஆள்காட்டி விரலை முதல் எண்ணின் மேல் வைத்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் விரல் நகர்ந்தது. சர்வே புலப்படத்தில் எல்லைக் கோட்டைச் சரிபார்க்கிற அதே நிதானம். “மூணு” என்றேன். விரல் நின்றுவிட்டது.

“எட்டுங்க” என்றார்.

நிமிர்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கையை மூடிக்கொள்ளப் போனார்.

“எட்டுத்தானுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.

மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். “இப்பச் சரியா வருதுங்க” என்று எழுந்து, கடைக்காரரைக் கும்பிட்டுவிட்டு என்னுடன் வந்தார்.

காரில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். இருட்டிவிட்டது. ஆட்டையாம்பட்டி தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

“எனக்காவ இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நேரமாயிருச்சு. உங்க ஊட்ல தேட மாட்டாங்களா?”

“தேடறதுக்கு இப்ப எங்க ஊட்ல யாரும் இல்லீங்க” என்றேன்.

என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“அப்ப எங்கூட்டுக்கு வந்துருங்க. என்ற சம்சாரம் இருப்பா, கமலா. சோறு போடுவா” என்றார்.

சரிங்க என்றேன்.